முயல்குட்டியின் வயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆறு ஆண்டுகளாக முயல் வளர்க்கிறோம். இப்போது இரண்டு இருக்கின்றன: பஞ்சு, மிளகு. மின்தூக்கியில் பார்ப்பவர்கள், மகனுடைய தோழர்களின் அம்மாக்கள், கணவரின் அலுவலக நண்பர்கள் என்று யார் கேட்டாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயால் வந்தபடியே விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தப்பு செய்து, மருத்துவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவள்.

"முயல்னா கேரட்தானே சாப்பிடும்? நீங்க என்னமோ வைக்கோல் வைக்கோல்ங்கிறீங்க?"

கேரட் முயலுக்கு, நமக்கு ஜாங்கிரி மாதிரி. பிடிக்கும், அதற்காக அதையே சாப்பாடாக்க முடியாது. ஒரு நாள் தீனியில் நூற்றுக்கு எண்பது பங்காவது காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். வைக்கோல் என்றதும் என் அம்மா நெல் வைக்கோலை நினைத்துக்கொண்டார். அது இல்லை, அதில் சத்து குறைவு. செல்லப்பிராணிக் கடைகளில் 'ஹே' என்று பொட்டலமாக விற்கும் பச்சை நிறம் மாறாத புல்லைத்தான் சொல்கிறேன். குழப்பம் வேண்டாம், இனி உலர்புல் என்றே எழுதுகிறேன்.

இதற்கு இரண்டு காரணங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்கின்றன, நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். இன்னொன்று வயிறு. முயலின் குடலில், இரைப்பையைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பை இருக்கிறது. புல்லின் நாரில் ஒரு பகுதி அங்கே போய் நல்ல கிருமிகளால் புளிக்கிறது, மீதி நார் குடலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. தோசை மாவு புளிக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முயலின் அந்தப் பையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடிவிட்டால் வேண்டாத கிருமிகள் பெருகி வாயு பொங்கும். நம் ஊர் வெக்கையில் மாவு பொங்கினால் அடுப்படியைத் துடைத்துவிடலாம். முயலுக்கு ஏப்பம் விடவும் தெரியாது, வாந்தி எடுக்கவும் முடியாது.

"குட்டிக்கு ரெண்டு மாசம்தான். கடையில கொடுத்த தீனி நல்லால்லன்னு சொல்றாங்க, மாத்திடவா?"

மாற்றலாம், இன்றைக்கே வேண்டாம். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. பால் நின்ற பிறகுதான் அமிலம் கூடி, குடலில் கிருமிகள் சரியாகக் குடியேறுகின்றன. அதே வாரங்களில்தான் நாம் அதைத் தாயிடமிருந்து பிரித்து, காரில் ஏற்றி, புது வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கூடவே தீனியையும் மாற்றினால் வயிறு தாங்காது. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் கடையில் என்ன தின்றதோ அதே பெல்லட்டை (அரைத்துச் சின்னக் குச்சிகளாக அழுத்திய தீனி) கொடுங்கள், அது சுமாரான தீனியாக இருந்தாலும் சரி. உலர்புல்லை மட்டும் முதல் நாளிலிருந்தே தாராளமாக வையுங்கள். அப்புறம் பத்து நாள் கணக்கு: முதல் மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு புதியது முக்கால். பத்தாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் புழுக்கை சிறுத்தாலோ கொழகொழவென்று ஆனாலோ ஒரு படி பின்னால் போய் அங்கேயே நில்லுங்கள். புழுக்கை உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில், உடைத்தால் உள்ளே புல் தூளாக இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். தினமும் காலையில் காப்பி போடுவதற்கு முன் கழிப்புத் தட்டை எட்டிப்பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆல்ஃபால்ஃபாவா, டிமோதியா? கடைக்காரர் ரெண்டையும் எடுத்து நீட்டுறார்."

டிமோதி, உலர்புல்லாக விற்கும் ஒரு புல் வகை. ஆல்ஃபால்ஃபா என்பது தமிழ்நாட்டில் குதிரைமசால் என்று மாட்டுக்குப் போடுவார்களே, அதுதான். புல் இல்லை, அவரைக் குடும்பத்துச் செடி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளரும் குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்குக் கூடாது. உடம்பு பெருக்கும், மிஞ்சிய சுண்ணாம்பு சிறுநீர்ப்பையில் மணல் மாதிரி தங்கும்.

ஏழு மாதம் வரை ஆல்ஃபால்ஃபா கொடுக்கலாம். ஆனால் நான் மூன்று மாதத்திலிருந்தே கொஞ்சம் டிமோதியையும் கலந்துவிடுவேன், நாக்கு பழகட்டும் என்று. இதைச் செய்யாமல் விட்டவர்கள் கேட்கும் கேள்வி கடைசியில் வருகிறது.

"பெல்லட் எவ்வளவு போடணும்? கேக்கும்போதெல்லாம் போடறேன், பாவமா பாக்குது."

பாவமாகத்தான் பார்க்கும், அதன் தொழிலே அதுதான். ஏழு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு அளவு பார்க்க வேண்டாம், புல்லையும் தின்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏழு மாதத்துக்கு அப்புறம் படிப்படியாகக் குறைத்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துங்கள். இங்கே பெரும்பாலும் வளர்ப்பது நெதர்லாந்து ட்வார்ஃப், ஹாலந்து லாப் மாதிரி சின்ன சாதிகள்தான். ஒன்றேகால் கிலோ முயலுக்கு 30 கிராம், இரண்டு கைப்பிடிகூட வராது.

பொட்டலத்தின் பின்பக்கம் நார்ச்சத்து 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்பும் மஞ்சளுமாக விதை, உலர்பழம், சோளம் கலந்த கலவைத் தீனி வேண்டவே வேண்டாம். குழந்தைகள் மிக்ஸரில் கடலையை மட்டும் பொறுக்குவதுபோல, முயல் இனிப்பானதை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைத் தள்ளிவிடும்.

"எங்க வீட்டுல தினமும் கீரை வாங்குவோம். குட்டிக்கு எப்போ ஆரம்பிக்கலாம், எந்தக் கீரை?"

மூன்று மாதம், அதாவது பன்னிரண்டு வாரம் முடியட்டும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கீரை, 15 கிராமுக்குள். கொத்தமல்லி என்றால் நாலைந்து தண்டு. மூன்று நாள் அதையே கொடுத்துப் புழுக்கையைப் பாருங்கள். சரியாக இருந்தால் அது பட்டியலில் சேரும், இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள். ஒரே நாளில் நான்கு வகை கொடுத்தால் வயிறு கெட்டபின் எது கெடுத்தது என்று தெரியாது.

தேக்கா ஈரச்சந்தையில் கிடைப்பதை வைத்தே சொல்கிறேன். கொத்தமல்லி, புதினா, தாய்லாந்துத் துளசி, ரோமேன் லெட்டூஸ், சியாவ் பாய் சாய் என்ற சீனக் கீரை எல்லாம் நல்லவை. முளைக்கீரை, பசலைக்கீரை இரண்டிலும் ஆக்ஸலேட் அதிகம், வாரம் ஒருமுறை நாலு இலை போதும். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு அதிகம். அதை மனிதருக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வாயு, குட்டிக்கு வேண்டாம். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், அவகாடோ, உருளை மற்றும் தக்காளிச் செடியின் தழை ஆகியவை நஞ்சு, எந்த வயதிலும் கூடாது. கீரையை நன்றாக அலசி, ஈரத்தோடேயே போடுங்கள். தண்ணீர் உள்ளே போவது நல்லதுதான்.

"அக்கா, அது தன்னோட புழுக்கையை தானே தின்னுது! அடிச்சு நிறுத்தணுமா?"

ஐயோ, கையை வைக்காதீர்கள். முயல் இரண்டு விதமாகப் போடும். ஒன்று, தட்டில் நாம் பார்க்கும் காய்ந்த உருண்டை. இன்னொன்று, பளபளப்பான மென்மையான உருண்டைகள் திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருக்கும், நாற்றமும் அடிக்கும். முதல் கேள்வியில் சொன்ன அந்தப் புளிக்கும் பையிலிருந்து வருவது இது. புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்தது. பின்னிரவிலோ விடியற்காலையிலோ முயல் குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். மாடு அசைபோடுவதுபோல இது இரண்டாம் சுற்று. நிறுத்தினால் சத்துக்குறைவு வரும்.

"பின்பக்கம் களி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. வயித்துப்போக்கா?"

தட்டில் சாதாரண உருண்டைகளும் இருந்து, கூடவே பின்பக்க ரோமத்தில் களி ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அது மேலே சொன்ன மென்மையான புழுக்கை உருவாகாமல் கெட்டது. பெல்லட்டோ கீரையோ பழமோ மிஞ்சிவிட்டது என்று பொருள். கீரையை நிறுத்தி, ஏழு மாதத்துக்கு மேலான முயலானால் பெல்லட்டையும் பாதியாக்கி, புல்லை அள்ளி வையுங்கள். ஒட்டியதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம், முயல் அரண்டுபோகும். இரண்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உருண்டையே இல்லாமல் தண்ணீராகவோ சளி மாதிரியோ போனால் அது உண்மையான வயிற்றுப்போக்கு. மூன்று, நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு இது உயிர்போகும் விஷயம். கோக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. போனதில் கொஞ்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டவர்களில் இரண்டு பேர் எனக்கு அழுதுகொண்டே அழைத்திருக்கிறார்கள்.

"ராத்திரியிலேர்ந்து எதுவும் சாப்பிடல. விடிஞ்சதும் பாத்துக்கலாமா?"

கூடாது. முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் நின்றுகொண்டிருக்கிறது. உடம்பைக் குறுக்கி மூலையில் உட்காரும், பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிக்கும், வயிற்றைத் தரையில் அழுத்தும், காது சில்லென்றிருக்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பஞ்சுவுக்கு அப்போது ஐந்து மாதம். பழைய பெல்லட் தீர்ந்துவிட்டது என்று அன்றைக்குச் சலுகை விலையில் கிடைத்த வேறு பெல்லட்டைக் கிண்ணம் நிறையக் கொட்டினேன். சமைத்தது போக மிஞ்சிய கங்கோங் கீரை ஒரு கட்டையும் அப்படியே போட்டேன். அடுத்த நாள் மாலையில் தட்டில் இருந்த புழுக்கைகள் மிளகு அளவுக்குச் சிறுத்து, ரோமத்தில் கோத்த மணிபோல ஒன்றோடொன்று தொங்கின. எனக்குப் புரியவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பஞ்சு சலவை இயந்திரத்துக்குப் பின்னால் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தாள். உயிராய் ஓடிவரும் கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் அழைத்த மருத்துவமனையில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்துக்கு டாக்சியில் போனோம். வலி மருந்து, ஊசி வழியாகத் தண்ணீர், குழைத்த புல் மாவு எல்லாம் கொடுத்து, காலை ஒன்பது மணிக்கு ஒரு புழுக்கை விழுந்ததும் அந்தச் செவிலியரும் நானும் கைதட்டினோம். பில் பல நூறு வெள்ளி. சலுகையில் மிச்சம் பிடித்தது மூன்று வெள்ளி.

ஆகவே இப்போதே, முயல் நன்றாக இருக்கும்போதே, முயல் பார்க்கும் மருத்துவமனை எது, இரவில் திறந்திருப்பது எது என்று கேட்டு எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள். சிரிஞ்சில் ஊட்டும் புல் மாவு வீட்டில் இருந்தாலும் மருத்துவர் தொட்டுப் பார்க்குமுன் ஊட்ட வேண்டாம். வயிறு பானைபோல உப்பிக் கல்லாக இருந்தால் உள்ளே அடைப்பாக இருக்கலாம், மேலும் திணித்தால் ஆபத்து.

"அருகம்புல் கொடுக்கலாமா? ப்ளாக் கீழேயும் நிறைய புல் இருக்கே?"

அருகம்புல் அருமையான புல். செராங்கூன் சாலைப் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் கட்டை வாங்கி, நன்றாக அலசி, தண்ணீரை உதறிவிட்டுக் கொடுக்கலாம். புதிதாகத் தொடங்கும்போது கீரைக்குச் சொன்ன அதே விதி. அபிஷேகத்தில் பாலும் பன்னீரும் பட்ட புல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். ஒரு மாமி பிரசாதம் என்று கொடுத்தார், மறுக்கவும் முடியவில்லை.

ப்ளாக் கீழே இருக்கும் புல் வேண்டாம். நாயும் பூனையும் போகும் இடம், மருந்தும் தெளித்திருக்கலாம். இயந்திரத்தில் வெட்டிக் குவித்த புல் சில மணி நேரத்திலேயே சூடேறிப் புளித்துவிடும். அத்தோடு 2020 செப்டம்பரில் முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் முதன்முறையாகச் சிங்கப்பூரில் தென்பட்டது. அந்தக் கிருமி பொருள்கள் மேலும் தீனி மேலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

"உலர்புல் பெரிய மூட்டையா வாங்கினா மலிவு. ஆனா பூசணம் பிடிச்சுடுது."

இங்கே இருக்கும் ஈரக்காற்றில் அப்பளமே நமத்துப்போகிறது, புல் என்ன செய்யும். பெரிய மூட்டை வாங்கினால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து, மீதியின் வாயை இறுக்கிக் கட்டி, தரையில் படாமல் அலமாரியில் வையுங்கள். மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரமும் குளியலறைப் பக்கமும் ஆகாது. நல்ல புல்லில் தேயிலை மணம் வரும். ஈரத்துணி வாடை வந்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூள் பறந்தாலோ மூட்டையோடு தூக்கிப் போடுங்கள். வெயிலில் காயவைத்து மறுபடி கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள்.

"வெயில் நாள்ல சாப்பாடு குறையுது. பரவாயில்லையா?"

28 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும், நமக்குப் பகலில் 31, 32 சாதாரணம். கொஞ்சம் மந்தமாகி மாலையில் சேர்த்துத் தின்றால் பரவாயில்லை. மின்விசிறி, பளிங்குத் தரை, துணி சுற்றிய குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி போதும், பகல் உச்சியில் ஏர்கான் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்தான் முக்கியம். ஒரு கிலோ முயல் ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் குடிக்கும். தொங்கும் புட்டியைவிடக் கனமான பீங்கான் கிண்ணத்தில் அதிகமாகக் குடிக்கிறது, எங்கள் வீட்டில் அளந்தே பார்த்தேன். பத்து மணி நேரத்துக்கு மேல் வாயே வைக்கவில்லை என்றால் வெயிலைக் காரணம் சொல்ல வேண்டாம், மூன்று கேள்விகளுக்கு முன்னால் போய்ப் படியுங்கள்.

"அம்மா சோறு ஊட்டுறாங்க, பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தாங்க. என்ன சொல்றது?"

சோறு, ரொட்டி, பரோட்டா, பிஸ்கட், முறுக்கு எல்லாம் மாவு, குட்டிக்கு விரல் நுனி அளவும் வேண்டாம். தயிர் மிட்டாய் என்று கடையில் முயலுக்கென்றே விற்பதும் சேர்த்துத்தான். கரும்பு சர்க்கரைக் கட்டி. பெரியவர்களிடம் கூடாது என்று சொல்வது நம் வீட்டில் எடுபடாது. நான் புதினாத் தண்டுகளை ஒரு டம்ளரில் வைத்து, "அம்மா, இதைக் கொடுங்க, உங்க கையாலதான் திங்கும்" என்றேன். இப்போது காலை வேலை அவருடையது.

"மூத்திரம் சிவப்பா போகுது. நேத்து கொஞ்சம் பீட்ரூட் தின்னுச்சு."

பெரும்பாலும் அந்தச் சாயம்தான், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வெள்ளையாகக் கலங்கிப் போவதும் ஓரளவு இயல்பு. முக்கிக்கொண்டு சிரமப்பட்டாலோ, நிறம் மாறாமல் தொடர்ந்தாலோ, கெட்டியான பசைபோல வந்தாலோ காட்டுங்கள்.

"பையனுக்கு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு. கொஞ்சமா கலக்கிக் கொடுக்கவா?"

தயவுசெய்து வேண்டாம். அமோக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் முயலின் குடலில் நல்ல கிருமிகள் செத்து, நஞ்சு கக்கும் கிருமிகள் பெருகி, சில நாளில் முயலே செத்துவிடும். முயலுக்கு ஆகும் ஆன்டிபயாடிக்குகள் வேறு, அவற்றை மருத்துவர்தான் தர வேண்டும்.

"அடுத்த வாரம் கருத்தடை அறுவை. முதல் நாள் ராத்திரியிலேர்ந்து பட்டினி போடணுமாமே?"

நாய்க்கும் பூனைக்கும் அப்படி. முயல் வாந்தி எடுக்காது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். பொதுவாகக் கிளம்பும்வரை புல் கொடுக்கலாம், ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுப் புல்லும் பழகிய பெல்லட்டும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். மயக்கம் தெளிந்ததும் பழக்கப்பட்டதைத்தான் முதலில் கடிக்கும்.

"எட்டு மாசமாச்சு. டிமோதியைத் தொடவே மாட்டேங்குது, ஆல்ஃபால்ஃபா வச்சாத்தான் சாப்பிடுது. பட்டினி போட்டா வழிக்கு வருமா?"

பட்டினி போட்டால் எங்கே போய் முடியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். மூன்று பங்கு ஆல்ஃபால்ஃபாவோடு ஒரு பங்கு டிமோதி கலந்து தொடங்கி, ஐந்தாறு வாரம் எடுத்து மெல்ல விகிதத்தைத் திருப்புங்கள். இரண்டையும் கையால் நன்றாகப் பிசைந்து கலக்க வேண்டும், மேலாக்கத் தூவினால் பொறுக்கிவிடும். டிமோதியில் முதல் வெட்டு கரடுமுரடு, மூன்றாம் வெட்டு பட்டுபோல. பிடிவாதக்காரருக்கு மூன்றாம் வெட்டில் தொடங்குங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் ஆர்ச்சர்ட் புல், ஓட்ஸ் புல், அருகம்புல் என்று மாற்றிப் பாருங்கள். டிமோதிதான் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கழிப்புத் தட்டுக்கு மேலே புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், முயல் உட்கார்ந்துகொண்டே மெல்லும்.

இத்தனையும் செய்தபின்னும் பெல்லட்டை மட்டும் தின்று புல்லை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா? தாடை ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் அது பிடிவாதம் இல்லாமல் இருக்கலாம். கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தினால் இப்படித்தான் செய்யும். மிளகு மூன்று வாரம் புல்லை எடுத்து எடுத்துக் கீழே போட்டான், நான் கொழுப்பு என்று திட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் சிறிய விளக்கை வாய்க்குள் விட்டுக் காட்டியபோது உள்ளே கன்னத்தில் பல் கீறிய புண் இருந்தது. தேய்த்துவிட்டார். அன்று மாலையே தட்டிலிருந்த புல் பாதி காலி.